ரெண்டு பேர், ஜன்னலோரம்

பேர் இருக்கிறதாம், மேசைதான் இல்லையாம். வாசலில் நின்ற கறுப்புக் கோட்டுப் பெண் கையிலிருந்த டேப்லெட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "வசந்தாமணி, ரெண்டு பேர், ஜன்னலோரம், ஏழு மணி. கரெக்டா இருக்குதுங்க மேடம். ஆனா டேபிள் இன்னும் காலியாகலீங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காரவும் நாற்காலி இல்லை. முகூர்த்த ஞாயிறு. மத்தியானம் மண்டபத்தில் சாப்பிட்டது செரித்ததோ இல்லையோ, வெளியூரிலிருந்து வந்த சொந்தபந்தங்களை இழுத்துக்கொண்டு பாதிக் கோயமுத்தூர் இந்த மாடிக்கு ஏறி வந்திருந்தது. வசந்தாமணி தூணோரம் ஒதுங்கி, கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. வியாழக்கிழமை அவளே நேரில் வந்து கேட்டபோது மீசை வைத்த மேனேஜர் ஒருவன், "உங்களுக்குன்னு எழுதியாச்சுங்கம்மா, நீங்க பாட்டுக்கு வாங்க" என்று வாய் நிறையச் சொன்னான். இன்றைக்கு அந்த மீசையைக் காணோம். இடம் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு ஓட்டல் பார்த்திருப்பாள். வேறு நாள்கூடப் பார்த்திருப்பாள். இல்லை, வேறு நாள் முடியாது, நாளைக்கு அண்ணனுக்குக் கண் ஆபரேஷன், அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போய்விடுவார், போனால் போனதுதான். மேசை அதோ தெரிகிறது. ஜன்னலை ஒட்டி, சுவரோடு சேர்ந்த மூலை மேசை. அதில் யாரோ ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் உட்கார்ந்து, இப்போதுதான் வந்த ரவா தோசையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்கள். ஊதுவதைப் பார்த்தால் ராத்திரி முழுக்க ஊதுவார்கள் போலிருந்தது.

வேறு எந்த மேசையும் ஆகாது. அதை இந்தக் கோட்டுக்காரிக்கு எப்படி விளக்குவது? அண்ணன் சென்னியப்பனுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் கிணற்றில் குதித்துக் குதித்துப் போனது என்று அம்மா சொல்வாள், அப்பா அறைந்ததில் போனது என்று அண்ணனே ஒரு தரம் சொன்னார். எதில் போனாலும் போனது போனதுதான். இடதுபக்கம் சுவர் இருந்து, வலதுபக்கம் ஆள் உட்கார்ந்தால்தான் அவரிடம் மெதுவாகப் பேச முடியும். அவளுக்கு மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பேச வேண்டியதைக் கத்திப் பேச முடியுமா, அதுவும் பக்கத்து மேசைக்காரன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு காது கொடுக்கிற இடத்தில்? அதனால்தான் வியாழக்கிழமை கூட்டமில்லாத நேரத்தில் வந்து ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தாள். இவளுக்குக் கிறுக்கு என்று சர்வர்கள் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். உட்கார்ந்து பார்த்துப் பார்த்து இந்த மூலையைப் பிடித்தாள். இங்கே அண்ணன், இங்கே நான். முதலில் சாப்பாட்டுப் பேச்சு. அப்புறம் கண்ணைப் பற்றி, சர்க்கரையைப் பற்றி. அப்புறம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிரும்போது, அண்ணா, அன்னிக்கு அது நான் சொல்லலீங்கண்ணா. அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மேசை, ஜன்னல், கஞ்சி போட்ட இந்தப் புடவை எல்லாம். வீட்டுக்குக் கூப்பிட முடியாது. "உன்ற வூட்ல இனி கை நனைக்க மாட்டேன்" என்று, மகள் கல்யாணத்தன்றைக்கு மண்டப வாசலில், செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனவர் அவர். சொன்னால் சொன்னதுதான், அப்பாவைப் போல. யோசித்து யோசித்து அவளுக்குத்தான் இந்தச் சந்து தெரிந்தது. ஓட்டல் யார் வீடும் இல்லையே. அவர் மகன் மூலம் சொல்லி அனுப்பியபோது, முதலில் ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாராம். பிறகு, "ஓட்டல்னா செரி, அது அவ வூடு இல்லையல்லோ" என்றாராம். அவளுடைய கணவர் மட்டும், "உங்கண்ணனும் நீயும் அழுகறதுக்கு நான் எதுக்கு நடுவுல சட்னி மாதிரி" என்று வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று.

ஒரு குடும்பம் எழுந்தது. அவள் மனம் ஓர் அடி முன்னே போய்விட்டுத் திரும்பியது. அந்த இடத்தில், இவளுக்குப் பின்னால் வந்த பெருத்த மனிதர் ஒருவர் பரிவாரத்தோடு போய் உட்கார்ந்தார். யாரோ போன் பண்ணிச் சொன்னாராம். கோட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு டேப்பைத் தடவினாள். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள். உள்ளே பார்த்தால் எழுதி வைத்தவர்கள், எழுதாதவர்கள் என்ற வித்தியாசமே இல்லை. கல்யாண மண்டபத்தில் நிற்பது போலவே சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் நின்று, அவர்கள் தட்டில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவும் கறுப்புக் கோட்டும் போட்டால் மட்டும் பந்தி பந்தி இல்லாமல் போய்விடுமா? மனசால் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அவள் போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் அது தானாகவே வந்தது, எப்போதும் வருகிற மாதிரியே, முதலில் சாம்பார் வாளியின் சத்தம். மகள் சுகன்யாவின் கல்யாணம். தாய்மாமன் சீர் தாம்பாளங்களோடு விடிகாலையிலேயே வந்து, பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் பந்தலுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிந்து, யாரோ கட்டாயப்படுத்தி அவரை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலை போட்டு, இனிப்பு வைத்து, சாதம் விழுந்து, அவர் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தபோது பந்தி விசாரிக்கிறவன் குனிந்து, "அண்ணா, கொஞ்சம் எந்திரிங்க, மாப்ள வூட்டுக்காரங்க நிக்கறாங்க" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்ததும் அவன் பயந்துபோய்ச் சேர்த்துக்கொண்டது: "உங்க தங்கச்சிதானுங்க. எந்திரிக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லுன்னாங்க." அண்ணன் எழுந்தார். பிசைந்த சாதம் இலையில் அப்படியே கிடந்தது.

நான் சொன்னேன்னு சொல்லு. இந்த மூன்று வார்த்தையை அவள் எத்தனை ராத்திரி வாயில் போட்டு மென்றிருப்பாள். அவள் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் அவள் மேடைக்குப் பின்னால் சம்பந்தியம்மாவுக்கு வெற்றிலைத் தட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் இதைச் சொல்லியிருக்கிறாள். சின்னம்மா மகனிடம், அண்ணியிடம், துக்கம் கேட்கப் போன வீட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம். சாப்பாட்டில் கை வைத்தவனை எழுப்புகிற வாய் என் வாய் இல்லை, அப்படி ஒரு வார்த்தை எனக்கு வரவே வராது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நம்பினார்களா என்பது வேறு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவள் சந்தேகம் கணவருடைய அண்ணன் ரங்கசாமி மேல்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கண்டால் அவருக்கு முதுகெலும்பு வெண்ணெயாகிவிடும், தன் பேரைச் சொல்லாமல் அடுத்தவர் பேரைச் சொல்லிக் காரியம் முடிப்பதும் அவர் வழக்கம்தான். ஆனால் பந்தி விசாரித்தவன் அப்புறம் எங்கே போனான் என்றே தெரியவில்லை, ரங்கசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரைக் கேட்கவும் முடியாது, வையவும் முடியாது. சம்பந்தி வீட்டார் அந்தப் பந்தியில் என்ன சாப்பிட்டார்கள் என்பதுகூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, சுகன்யாவே பெங்களூரில் தனித் தனி ஃபிளாட், தனித் தனி சம்பளம் என்று பாதிக் கல்யாணத்தில் இருக்கிறாள். அந்த வாழ்க்கைக்காகவா என் அண்ணனை எழுப்பினார்கள்? வசந்தாமணிதான் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர்க்காரி. பொண்ணு வருவதற்கு முன்னால், தங்கச்சி உரிமை தங்கச்சிக்கே என்று ஊரறிய அவரோடு நிறுத்தி வைத்தார்களே, அது எதற்காம்? ஒவ்வொரு தீபாவளிக்கும் வேட்டியும் சட்டையும் எடுத்துச் சின்னம்மா மகன் கையில் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அது மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. போன தீபாவளிக்கு மட்டும் வரவில்லை. இளநீலச் சட்டை, மெல்லிய கோடு போட்டது. தோட்டத்துக் காவல்காரனுக்குக் கொடுத்திருப்பார் என்று தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள். ஆசைப்பட்டால்தானே அடி விழும்.

போன் அதிர்ந்தது. அண்ணன் மகன். "அத்தே, அப்பாவை ஆட்டோல ஏத்தி உட்டுட்டேன். எறங்குனதும் நீங்க பாத்துக்கங்க, படி ஏறுறப்ப கையப் புடிச்சுக்கங்க. கண்ணு மங்கலா இருக்குது." சரிப்பா என்றாள். பீளமேட்டிலிருந்து இங்கே எவ்வளவு நேரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் கொஞ்சம் கூட ஆகலாம், ஆகட்டும், இன்றைக்கு ஒரு நாள் எல்லாச் சிக்னலும் சிவப்பாகவே இருக்கட்டும். அவர் வரும்போது தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் வேண்டும். அவர் படியேறி வந்து பார்க்கும்போது தங்கச்சி மேசையில் இருந்து எழுந்து, வாங்கண்ணா என்று அவருக்காக வைத்திருந்த நாற்காலியை இழுத்துப் போட வேண்டும். அவருக்கென்று இடம் பிடித்து வைத்தவள் என்று அவர் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இந்தக் கூட்டத்தில் கண் மங்கிய மனிதரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, யாரோ ஒருவன் தட்டு காலியாகும்வரை அவன் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தால்? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். செரி, பொறவு பாக்கலாம் மணி என்பார். அந்தப் பொறவு வராது. எழுபதைத் தாண்டியாகிவிட்டது, சர்க்கரை, நாளைக்குக் கண்ணில் கத்தி. அடுத்த தடவை யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள், யார் படுத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். வசந்தாமணி மறுபடியும் கோட்டுப் பெண்ணிடம் போனாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் கண்ணு?" "அவுங்க முடிச்சதும் உங்களுக்குத்தானுங்க." "அவுங்க எழுதி வெச்சிருந்தாங்களா?" பெண் கொஞ்சம் திணறினாள். "இல்லீங்க. பின்பக்க லிஃப்ட்ல நேரா வந்து உக்காந்துட்டாங்க. சர்வர் கவனிக்காம ஆர்டர் எடுத்துட்டாருங்க. சாப்பிடறவங்கள எப்படி மேடம்..." எப்படி மேடம். எவ்வளவு நல்ல மனசு. என் பேர் எழுதின மேசையை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் எப்படி மேடம் என்று யாருக்கும் தோன்றவில்லை, போன் சிபாரிசில் வந்த தடியனை உட்கார வைக்கும்போது தோன்றவில்லை, கேள்வி கேட்கிறவளிடம்தான் தர்மம் நியாயம் எல்லாம் வருகிறது. மூலையில் அந்தப் பெரியவர் தோசையை ஒரு ஓரமாகப் பிய்த்து, சட்னியில் தொட்டு, சம்சாரத்திடம் என்னமோ சொல்லிச் சிரித்தார். சிரிக்கிறார். இங்கே ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாளே என்று ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தாரா? அவளுக்குத் திடீரென்று அந்த மனிதரை நெடுநாளாகத் தெரியும் போலிருந்தது. அவள் இடத்தில் எப்போதும் உட்கார்ந்துகொள்கிற ஆள். கேட்காமல் உட்கார்ந்து, சாவகாசமாகச் சாப்பிட்டு, மற்றவர்களை நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிற ஆள். ரங்கசாமிக்கும் இதே மாதிரி பிடரிதான். கால்கள் தானாக நடந்தன. நாற்காலிகளுக்கு இடையில், எச்சில் தட்டுத் தூக்கி வந்தவனை ஒதுக்கிவிட்டு, மூலைக்கு. "மேடம், மேடம்" என்று கோட்டுப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பிடரி ரங்கசாமி மாதிரி இருந்தாலும் முகம் அப்படி இல்லை. கிராமத்து முகம், வெயிலில் காய்ந்தது, எதற்குத் திட்டப் போகிறார்கள் என்று தெரியாமல் முன்கூட்டியே தயாராகிக்கொள்கிற முகம். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்துமே வாய் நிற்கவில்லை. கோட்டுப் பெண்ணைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எந்திரிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள்.

சொன்ன பிறகுதான் கேட்டது. வாயிலிருந்து போன சத்தம் சுவரில் பட்டு அவளிடமே வந்தது. பெரியவர் அதற்குள் பாதி எழுந்துவிட்டார். வலது கையில் சட்னியோடு, இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம உக்காந்துட்டமுங்க, காலியா இருக்குதுன்னு நெனச்சுட்டோம்" என்றார். அவர் சம்சாரம் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்போது வசந்தாமணியின் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டு அந்தப் பெரியவரின் தோளில் படிந்தது. "நீங்க உக்காருங்க" என்று சொன்ன குரலை அவள் திரும்பிப் பார்க்காமலே அறிவாள். "எலைல கை வெச்சுட்டு எந்திரிக்கக் கூடாதுங்க. உக்காருங்க, ஆறிப்போவுது." சென்னியப்பன் நின்றிருந்தார். யாரும் கையைப் பிடிக்காமல் தானாகவே படியேறி வந்திருக்கிறார். சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இளநீலச் சட்டை போட்டிருந்தார். மெல்லிய கோடு போட்டது. மடிப்புத் தடம்கூட இன்னும் மார்பின் குறுக்கே அப்படியே இருந்தது, இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்.

"அண்ணா" என்றாள். இடது காது அவள் பக்கம் இருந்தது. சுற்றி வந்து வலது பக்கம் நிற்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது. "அண்ணா, அன்னிக்கு அது நான் சொல்லலீங்கண்ணா." இந்த வாக்கியத்துக்கு எத்தனை வருஷம் பாலிஷ் போட்டு வைத்திருந்தாள். அது வெளியே வந்தபோது புளித்த மாவு மாதிரி இருந்தது. அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மங்கிய கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. அவர் முகத்தில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். "உன்ற மேல தப்பிருக்காதுன்னு மனசத் தேத்திட்டுத்தான் வந்தேன் மணி" என்றார். "வேற யாரோ உன்ற பேரச் சொல்லீட்டாங்கன்னு நெனச்சேன்." "ஆமாங்கண்ணா, வேற யாரோதான்." "அதான் இப்பக் கேட்டனே" என்றார் அவர். கேட்காத காதைத் தாண்டியும் கேட்டுவிட்டது. பிறகு வழக்கம் மாறாமல், "நான் வாரேன்" என்றார். கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினார். கையைப் பிடிக்கச் சொல்லியிருந்தானே அவர் மகன். அவள் படி வரைக்கும் போனாள். அதற்கு மேல் போக முடியவில்லை.

தூணோரம் வந்து நின்றாள். பின்னாலேயே ஓடி ஆட்டோவை மறிக்கலாம். மறித்து என்ன சொல்வது? அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொத்து. அந்த வார்த்தை என் வாயில் வராது என்பது. சண்டைக்குப் போனாலும், சமாதானத்துக்குப் போனாலும், அதைத்தான் முன்னால் வைத்தாள். இன்றைக்கு அது வந்தது, யோசிக்காமல், தடங்கலில்லாமல், ரொம்ப நாள் பழகிய வார்த்தை மாதிரி. அப்படியானால் அன்றைக்கு? மேடைக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டம். ஆமாம், தட்டம் கையில் இருந்தது. சம்பந்தியம்மா ஒரு பக்கம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள், அதுவும் ஞாபகம் இருக்கிறது. யாரோ வந்து, "மாப்ள வூட்டு ஆளுங்களுக்கு எடமில்லீங்க, என்ன பண்றது?" என்று கேட்டார்களா? கேட்டார்கள், இல்லை, இத்தனை வருஷ ஞாபகத்தில் யாரும் வந்து கேட்டதில்லை, இப்போதுதான் கேட்கிறார்கள். கேட்டவன் முகம் தெரியவில்லை. அவள் என்ன சொன்னாள்? ரங்கசாமியின் குரலை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். எத்தனையோ தடவை வைத்திருக்கிறாள், நன்றாகப் பொருந்தும். இப்போது பொருந்தவில்லை. அவள் குரல்தான் கேட்டது. சற்று முன் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததே, அதே குரல், அதே அவசரம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருப்பாளோ? மாட்டாள். சொல்லியிருக்க மாட்டாள். யாரிடம் போய்க் கேட்பது?

அந்தப் பெரியவரும் சம்சாரமும் மிச்சத்தைச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, அவள் இருந்த பக்கம் பார்க்காமல் சுவரை ஒட்டியே லிஃப்டுக்குப் போனார்கள். தட்டில் பாதித் தோசை இருந்தது. சர்வர் வந்து அதை எடுத்துக்கொண்டு போய், ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தான். "வசந்தாமணி, ரெண்டு பேர், ஜன்னலோரம்" என்று கோட்டுப் பெண் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அவள் முழங்கையைத் தொட்டு, "அக்கா, உங்களத்தான் கூப்பிடறாங்களா? நீங்க போறீங்களா, இல்ல நாங்க உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "உக்காருங்க" என்றாள் வசந்தாமணி.